வேலை போன முதல் நூறு நாட்கள்: கையெழுத்து, பணம், மனசு

வேலையை விட்டு அனுப்பும் பேச்சு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் லேப்டாப், ஐடி கார்டு எல்லாம் வாங்கிக்கொள்வார்கள், ஒரு காகிதத்தை நீட்டி கையெழுத்தும் கேட்பார்கள். நிதானமாகப் படித்துப் போடவேண்டிய கையெழுத்தை, மனசு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போடச் சொல்வதுதான் இதில் பெரிய கொடுமை. வேலை போன துக்கம் ஆறிவிடும். அந்த முதல் சில வாரங்களில் அவசரப்பட்டு எடுத்த முடிவுகளால் விட்ட பணம் திரும்பி வராது. இதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் தட்டுத் தடுமாறிக் கற்றவர்களில் நானும் ஒரு ஆள். என் கதை இங்கே வேண்டாம். எது எந்த வரிசையில் வரும், எங்கே பணம் கழன்று போகும் என்பதை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் அந்தக் காகிதம். "டெர்மினேஷன்னு போட்டா உங்க கேரியருக்குத்தான் கெட்ட பேரு, நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரிலீவிங் லெட்டர் நல்லபடியா தர்றோம்" என்று ஹெச்.ஆர். பரிவோடு சொல்வார். அந்தப் பரிவுக்கு ஒரு விலை இருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்களாகப் போனவர். ஆட்குறைப்பு நஷ்டஈடு கேட்க முடியாது. வீட்டுக் கடனோடு வேலையிழப்புக் காப்பீடு எடுத்திருந்தால், தானாக விலகியவர்களுக்கு அது பொதுவாகப் பணம் தராது. பின்னால் சொல்லப்போகும் பி.எஃப். வரிச் சலுகையும் கை நழுவும். "இன்னைக்கு ராத்திரி படிச்சுட்டு நாளைக்கு மெயில்ல பதில் சொல்றேன் சார்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சண்டை போடவேண்டாம், அழுது கெஞ்சவும் வேண்டாம். அன்று இரவே, என்ன பேசினார்கள், யார் யார் இருந்தார்கள், என்ன தொகை சொன்னார்கள் என்பதைச் சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கே எழுதிப் போட்டுவிடுங்கள். நேரம், தேதியோடு பதிவாகிவிடும். சரி, எல்லாம் யோசித்த பிறகும் ராஜினாமாதான் நல்லது என்று தோன்றலாம். தருகிற தொகை பெரிதாக இருந்தால் அது நியாயமான முடிவுதான். அப்படியானால் அந்தத் தொகையும் கொடுக்கும் தேதியும் எழுத்தில் வந்த பிறகு கடிதம் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். அந்தத் தொகைக்கு டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு 10 லட்சம் என்று சொன்னது கையில் 7 லட்சத்துக்கும் கீழேதான் வரும்.

சட்டப்படி என்ன கிடைக்கும் என்பது, நீங்கள் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பதைப் பொறுத்தது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வரமாட்டார்கள். பெயரில் 'மேனேஜர்' என்று இருந்தாலே வெளியே என்று அர்த்தமில்லை; என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். உள்ளே வருபவருக்கு, ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் ஆட்குறைப்பு நஷ்டஈடாக உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இதற்கு மேல் கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகை, வேலை போனவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து 45 நாட்களுக்குள் கணக்கில் விழவேண்டும். இன்னொரு வாசலும் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 41: ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. மேல்முறையீட்டைத் தொழிலாளர் துறையில் 30 நாட்களுக்குள் செய்யவேண்டும். அதிர்ச்சியில் ஒரு மாதம் சும்மா இருந்தால் இந்த வாசல் மூடிக்கொள்ளும். வழக்குப் போடுகிறோமோ இல்லையோ, முதல் பதினைந்து நாளில் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது. அந்தக் கட்டணம் வீண் போகாது.

அடுத்தது, கம்பெனியின் பெயரில் ஓடிக்கொண்டிருந்த நம் சொந்த விஷயங்கள். மெயில் அணுகலைத் துண்டித்த பிறகுதான் எது எதெல்லாம் அதற்குள் இருந்தது என்று தெரியவரும். ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதங்கள், கடைசி 12 மாத பே ஸ்லிப், வேலை செய்த எல்லா வருடங்களின் ஃபார்ம் 16, குரூப் மெடிக்கல் பாலிசி எண் இவற்றை வேலை நன்றாக ஓடும்போதே சொந்த மெயிலில் சேர்த்து வைக்கவேண்டும். இப்போது வேலையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் இந்த வாரமே செய்யலாம். கிளையன்ட் ஃபைல், கோடு, எக்ஸெல் டேட்டா எதையும் மட்டும் தொடவேண்டாம். அதை ஒரு சாக்காக வைத்து செட்டில்மென்டை நிறுத்துவார்கள். கம்பெனி கொடுத்த சிம் கார்டு எண்ணை ஆதார், வங்கி, யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) எல்லாவற்றுக்கும் கொடுத்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம் அவஸ்தைப்படுவார்கள். சிம்மைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நிமிடமே ஓ.டி.பி. வேறு யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும். சிம்மை ஒப்படைக்குமுன் எண்ணை மாற்றுங்கள், ஆதாரில் முதலில்.

குரூப் மெடிக்கல், அதாவது கம்பெனி எடுத்த மருத்துவக் காப்பீடு, பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிகிறது. அதில் அப்பா அம்மா இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து. இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடைசி நாளுக்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம், தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வழி உண்டு. அப்படி மாறினால் குரூப்பில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கவேண்டி வரும். கையில் வருமானம் இல்லாத நேரத்தில் பிரீமியம் கட்ட மனசு வராதுதான். இருந்தாலும், வேலையில்லாத மாதத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மொத்தச் சேமிப்பும் அதோடு போய்விடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) பிடித்தவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் உண்டு. சராசரி நாள் வருமானத்தில் 50 சதவீதம், 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரே முறை. அவ்வப்போது நீட்டித்து வரும் திட்டம் என்பதால், இப்போது அமலில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பிக்கவேண்டும்.

இனி கணக்கு முடிப்பது. கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தரவேண்டும் என்கிறது புதிய ஊதியச் சட்டம். நடைமுறையில் ஃபுல் அண்ட் ஃபைனல் என்று சொல்லி 30, 45 நாள் இழுப்பார்கள். வாரம் ஒரு முறை, ஒரே மெயில் தொடரில், மரியாதையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். போனில் கேட்டது கணக்கில் வராது. வந்த கணக்கை வரி வரியாகப் பாருங்கள்: எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் சம்பளம், போனஸின் விகிதாசாரப் பங்கு, பிடித்தம் என்ற பெயரில் கழித்தது எல்லாம். கிராஜுவிட்டி ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்குப் புதிய சட்டத்தின்படி ஒரு வருடமே போதும். கணக்கு எளிது. கடைசி மாதச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்கவேண்டும். 40,000 ரூபாய், 7 வருடம் என்றால் 1,61,538 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சமிருந்தால் அது முழு வருடமாகும். இங்கே 'சம்பளம்' என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முன்பு பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும்தான். இப்போது படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளத்தோடு சேரும். பேசிக்கை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த கம்பெனிகளில் இதனால் வித்தியாசம் பெரிதாக வரும். போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தரவேண்டிய பணம் இது. 20 லட்சம் வரை வரி கிடையாது. வேலையை விடும்போது விடுப்புக்காக வாங்கும் பணத்துக்கும் 25 லட்சம் வரை வரியில்லை.

பி.எஃப். பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லார் கையும் முதலில் போவது அங்கேதான். 2025 அக்டோபரில் பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வின் அறங்காவலர் குழு எடுத்த முடிவுப்படி, வேலை போனவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25 சதவீதத்துக்கு 12 மாதம் காத்திருக்கவேண்டும், பென்ஷன் தொகைக்கு 36 மாதம். எடுக்க முடியும் என்பதற்காக எடுக்கவேண்டியதில்லை. 4 லட்சம் ரூபாயை அப்படியே விட்டால், இப்போதைய 8.25 சதவீத வட்டி நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 வருடத்தில் ஏறக்குறைய 19.5 லட்சம் ஆகும். வேலையில் இல்லாத காலத்திலும் வட்டி ஏறும்; அந்த வட்டிக்கு மட்டும் வரி உண்டு. எடுத்தே ஆகவேண்டும் என்றால் வரியைப் பாருங்கள். ஐந்து வருடத் தொடர் சேவை இல்லாமல் எடுத்தால், தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் போகும்போது 10 சதவீதம் டி.டி.எஸ்., கம்பெனி போட்ட பங்கும் வட்டியும் வருமானத்தில் சேரும். ஆனால் உடல்நலக் குறைவாலோ, நிறுவனம் தொழிலைச் சுருக்கியதாலோ மூடியதாலோ, ஊழியர் கையை மீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், ஐந்து வருடம் முடியாவிட்டாலும் அந்த வரி இல்லை. அதற்குச் சான்று கம்பெனி கொடுத்த நீக்கக் கடிதம். ராஜினாமா என்று எழுதிக்கொடுத்தவரிடம் அந்தக் கடிதம் இருக்காது. கையெழுத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம். கம்பெனி வேலையிலிருந்து விலகிய தேதியைப் பதிவேற்றாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு யூ.ஏ.என். தளத்தில் நீங்களே பதியலாம். மொத்தச் சேவை பத்து வருடத்தை நெருங்கினால் பென்ஷன் பகுதியைத் தொடவே வேண்டாம். பத்து வருடம் நிறைந்தால் மாத ஓய்வூதிய உரிமை வந்துவிடும். பணத்தை எடுத்துவிட்டால் சேவைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

கையிருப்பை 'எத்தனை லட்சம்' என்று பார்த்தால் பயமோ மிதப்போ இரண்டில் ஒன்றுதான் வரும். 'எத்தனை மாதம்' என்று பாருங்கள். வாடகை, இ.எம்.ஐ., ஸ்கூல் ஃபீஸ், மளிகை, மருந்து, பிரீமியம் சேர்த்துத் தவிர்க்கவே முடியாத மாதச் செலவு 45,000 என்றும், உடனே எடுக்கக்கூடிய பணம் 3,60,000 என்றும் வைத்தால் எட்டு மாதம். இந்த எண்ணை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகளுக்குமே. சம்பள அக்கவுன்டில் சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக்கி, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பணம் பிடிக்கலாம்; பழைய ஆட்டோ டெபிட்களை ஒன்று விடாமல் பார்த்து, வேண்டாததை நிறுத்துங்கள்.

இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆவதற்கு முன் வங்கிக்குப் போவதற்கும், பவுன்ஸ் ஆன பின் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 90 நாள் பாக்கி நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பிறகு கிளை மேலாளர் நினைத்தாலும் அவரால் செய்யக்கூடியது குறைவு. முன்பே எழுத்தில் கேட்டால் தவணைக் காலத்தை நீட்டுவது, சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது போன்றவற்றைப் பரிசீலிப்பார்கள். வட்டி மொத்தத்தில் கூடும்தான், ஆனால் தவணை தவறியதாகச் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவு) விழாது. கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டி ஓட்டுவது இருப்பதிலேயே மோசமான வழி; வருடத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி போகும். பணம் அவசியம் என்றால் வங்கி நகைக் கடன் அதைவிடப் பல மடங்கு மலிவு. மீட்கவேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வசூல் ஏஜென்ட் "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்றால் யோசியுங்கள். கடன் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்பதற்குப் பதில் 'செட்டில்டு' என்று விழுந்தால், பல வருடங்களுக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும் இடமெல்லாம் அந்த ஒரு சொல்லைக் காட்டுவார்கள்.

மனசைப் பற்றி. முதல் வாரம் லீவு போட்ட மாதிரிதான் இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் அழுத்தும். காலை ஒன்பது மணிக்குத் தெருவில் எல்லாரும் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்போது வயிற்றைப் பிசையும். வீட்டில் சொல்லாமல் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு கிளம்பி, நூலகத்திலும் பார்க்கிலும் பொழுதைக் கழிப்பவர்கள் உண்டு. அந்த நடிப்பு வேலை தேடும் சக்தியையே தின்றுவிடும். அன்றே வீட்டில் சொல்லிவிடுங்கள், இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே. உறவினர்களுக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்பவர்களிடம் கடைசியாகச் சொன்னால் போதும். கல்யாண வீட்டில் "இப்ப எங்க வேலை?" என்று கேட்டால், "மாறிக்கிட்டிருக்கேன், உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று பதிலிலேயே ஒரு கோரிக்கையை வைத்துவிடுங்கள். கேட்பவர் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார், அல்லது உண்மையிலேயே யாரையாவது ஞாபகம் வைத்துச் சொல்வார். எப்படியும் நஷ்டமில்லை. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கெட்டால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற உடல்நல உதவி எண்ணும் இருக்கிறது.

தேடலில், இணையத் தளத்தில் நூறு இடத்துக்குப் பொத்தானைத் தட்டுவதைவிட, கூட வேலை பார்த்து வேறு கம்பெனிக்குப் போனவர்களுக்கு ஆளுக்கு நான்கு வரி எழுதுவது பலன் தரும். 'ஏதாவது இருந்தா பாருங்க' என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அந்தக் கம்பெனியின் வேலை எண்ணைக் குறிப்பிட்டு ரெஃபர் செய்யக் கேளுங்கள். பெரிய கம்பெனிகளில் நோட்டீஸ் 60, 90 நாள் என்று நீள்வதால், 'இமீடியட் ஜாயினர்' (உடனே சேரக்கூடியவர்) என்பதற்கு இங்கே தனி மதிப்பு உண்டு. ரெஸ்யூமின் முதல் இரண்டு வரிக்குள் அதைப் போடுங்கள். "ஏன் விட்டீங்க?" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியம் போதும்: டீமைக் குறைத்தார்கள், அதில் என் பொறுப்பும் போனது, இப்போது இந்த வேலையைத் தேடுகிறேன். பழைய மேலாளரைத் திட்டத் தொடங்கினால் நேர்காணல் அங்கேயே முடிந்தது. தேதியையோ சம்பளத்தையோ கூட்டிச் சொல்லவேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். பாஸ்புக்கில் எந்த மாதம் வரை பணம் விழுந்தது என்று பார்த்துவிடுவார்கள்.

மோசடிக்காரர்களுக்கு வேலை போனவரின் மனநிலை நன்றாகத் தெரியும். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அது வேலை இல்லை. டெலிகிராமில் ரிவ்யூ போட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் நூறு இருநூறு உண்மையாகவே அனுப்பி, பிறகு 'டாஸ்க்'குக்காக ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவில் வாங்க என்பது மியான்மரின் சைபர் மோசடிக் கூடங்களுக்கான வழி. தமிழ்நாட்டு இளைஞர்கள் பலரை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

புது வேலை வந்ததும் செய்யவேண்டிய இரண்டு. பழைய யூ.ஏ.என்.னையே கொடுத்து, பழைய பி.எஃப். கணக்கை அதோடு சேர்த்துவிடுங்கள். அதே நிதியாண்டில் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய கம்பெனிக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக நிலைக் கழிவையும் (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) வரி வரம்பையும் கொடுத்து, மாதாமாதம் குறைவாகப் பிடித்திருக்கும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பாக்கி வரி வட்டியோடு மொத்தமாக வந்து நிற்கும். கடனை அடைத்து மூச்சு விடத் தொடங்கிய நேரத்தில் எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று புரட்டவேண்டி வரலாம்.